மேசைக்கால் என்ன மரம்?

மார்ச் 2

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று முதலில் எழுதினேன். கை ஒத்துக்கொள்ளவில்லை, அடித்துவிட்டேன். நாலு வருடமாகப் பேசாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். உறவு கொண்டாட இல்லை, காரியத்துக்காகத்தான். போனில் பேசியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் மூன்றாவது வார்த்தையிலேயே கத்திவிடுவேன், நீயும் லேசுப்பட்டவள் இல்லை. தவிர, இதோடு அனுப்பியிருக்கும் மரத்துண்டு போன் வழியாக வராது.

விஷயம் இதுதான். இங்கே கல்லூரி நூலகத்தில் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு வாசிப்பு மேசை இருக்கிறது. கூரை ஒழுகி ஒரு கால் உளுத்துப்போய்விட்டது. நூலகர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தில் பாதியை மறைக்கிற கண்ணாடி போட்டிருப்பதால் எங்கள் வீட்டில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர். "அதே மரத்துல புதுசா கால் செஞ்சு போடணும். என்ன மரம்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் கை வைக்கணும். இந்த மாசத்துக்குள்ள எழுதித் தரலைன்னா மேசைய விறகுக்குப் போட்டுட்டு இரும்பு மேசை வாங்கச் சொல்லிட்டாங்க" என்றார்.

எனக்கு அது என்ன மரமென்று தெரியவில்லை. இருபது வருடம் மரத்தோடேயே கிடந்தவன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தெரியவில்லை. மரக்கடையில் ஒருவர் ஈட்டி என்கிறார். எதிர்க்கடைக்காரர் மகோகனி என்று சத்தியம் செய்கிறார். மூன்றாமவர் முகர்ந்து பார்த்து, "இது கப்பல்ல வந்த மரம்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு இது வெறும் மேசை இல்லை. மரப் பரிசோதனைக் கூடத்தில் நீ கையெழுத்துப் போட்ட அந்த ஒரு பக்கச் சான்றிதழ் ஊரிலுள்ள ஒப்பந்தக்காரர் எல்லாரிடமும் போயிற்று. தேக்கு என்று சொல்லி மருது மரத்தில் கதவு செய்து கொடுத்தவன் என்று பெயராகிவிட்டது. பட்டறையை மூடினேன். இப்போது ஒரு தொழிற்சாலையில், மரத்தூளை அமுக்கிச் செய்த அலமாரிகளுக்குக் கீல் முடுக்கிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து இன்றுவரை மரவேலை என்று என்னைத் தேடி வந்த ஒரே ஆள் கண்ணாடிக்காரர்தான். அதுவும் அவர் ஊருக்குப் புதிது, கதை தெரியாது. இந்த முறையும் மரத்தின் பெயர் தப்பினால் இந்தத் தொழிலை நான் தலைமுழுக வேண்டியதுதான்.

நீ சொல்கிற பெயரை எழுதிக் கொடுப்பேன். சான்றிதழ் எல்லாம் வேண்டாம். உன் சான்றிதழ் எனக்கு ஒன்றே போதும்.

தம்பி


மார்ச் 6

தம்பி,

பொட்டலத்தின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நின்றபடியே கட்டை அவிழ்த்தேன். பிரித்தால் மரத்துண்டு. முதலில் உட்கார்ந்தேன், பிறகு சிரித்தேன், அப்புறம்தான் கோபம் வந்தது.

ஏண்டா, என்ன மரமென்று பார்க்க அனுப்பினாயா, கண்காட்சியில் வைக்க அனுப்பினாயா? இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று கை பாலிஷ் ஏற்றி, போதாததற்கு மூலைகளை வேறு உருட்டிவிட்டிருக்கிறாய்! முகர்ந்தால் பாலிஷ்தான் மணக்கிறது. லென்ஸில் பார்த்தால் துளைகளெல்லாம் தூள் அடைத்துக் கிடக்கின்றன. நீ காட்டியிருப்பது மரத்தின் நீளவாட்டு முகம், வரி வரியாக அழகாக இருக்கும், எனக்குப் பிரயோஜனமில்லை. அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் வளையம் தெரியுமே, அந்த முகம் வேண்டும். அங்கேதான் துளைகள் வரிசையில் நிற்கின்றனவா, சிதறி நிற்கின்றனவா என்று தெரியும். ஆளுக்கு ரேகை மாதிரி மரத்துக்கு அது.

தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு எடு. இழைக்காதே, தேய்க்காதே, எண்ணெய் காட்டாதே. அழகாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். கண்ணில் படாத இடமாகப் பார்த்து, மேல்பலகையின் அடி விளிம்பில் எடு. நாங்கள் எப்போதும் அப்படித்தான் எடுப்போம், பொருள் கெடாது.

சான்றிதழைப் பற்றிக் குத்தியிருக்கிறாய். நீ கதவு செய்து கொடுத்த அந்தக் கதவுக்காரர் வீட்டுக்கு, என்னோடு வேலை செய்பவர்தான் போவதாக இருந்தது. "நான் போறேன்" என்று நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். உன்மேல் பழி சொன்ன வாயை என் கையாலேயே அடைக்க வேண்டும் என்று போனேன். லென்ஸில் தெரிந்தது மருது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? கூடப் பிறந்தவன் என்று தேக்கு என எழுதியிருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு நீ இன்றுவரை பதில் சொல்லவில்லை. கத்தினாய், காகிதத்தைக் கிழித்தாய், போனாய்.

துண்டைச் சீக்கிரம் அனுப்பு. நாள் ஓடுகிறது.

அக்கா

குழந்தை வளர்ந்துவிட்டாளா? என் தோள் அளவுக்காவது வந்திருப்பாள்.


மார்ச் 10

அக்காவுக்கு,

பதில் சொல்லவில்லையாம்! தேக்குதான் போட்டேன், தேக்குதான் போட்டேன் என்று தொண்டை கிழியச் சொன்னேனே, அது பதில் இல்லாமல் என்ன? உன் லென்ஸில் கோளாறு என்றும் சொன்னேன். நீ அதைத் துடைத்தாவது பார்த்திருப்பாயா? மாட்டாய். படித்தவளுக்கு எப்படித் தப்பு வரும்.

பாலிஷ் போட்டது தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். பட்டறையிலிருந்து ஒரு சிராய்கூட முரடாக வெளியே போகக் கூடாது என்பது என் பழக்கம். அதுவும் உன் கைக்குப் போகிறது என்றதும் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துவிட்டேன். அதை விடு.

ஆனால் விளிம்பில் எடு என்கிறாயே, மரத்தைப் பற்றித் தெரிந்தவள் பேசுகிற பேச்சா இது? விளிம்பில் எடுத்தால் விளிம்புதான் கிடைக்கும், மேசை கிடைக்காது. தண்ணீரோ கை காலோ படுகிற விளிம்பில், வேலை தெரிந்த எவனும் வேறு மரத்தில் ஒரு பட்டி ஒட்டியிருப்பான். அரித்தால் அந்தப் பட்டியை மட்டும் பெயர்த்துவிட்டு மாற்றலாம், பொருள் பிழைத்துக்கொள்ளும். நான் செய்த கதவு ஒவ்வொன்றுக்கும் அடியில் விரல் கனத்துக்குப் பட்டி உண்டு. நிறம் ஏற்றி, ஒட்டு தெரியாமல் சேர்த்துவிடுவேன், செய்த எனக்கே தேடினால்தான் தெரியும். வீட்டுக்காரர்களிடம் சொல்வதில்லை. சொன்னால், "துண்டு போட்டு ஒட்டிட்டான்யா" என்பார்கள்.

இந்த மேசையிலும் பட்டி இருக்கிறது, உளியை வைத்ததுமே தெரிந்துவிட்டது. எவனோ என்னைப் போல ஒருத்தன் செய்திருக்கிறான். அதனால் உளுத்த காலின் மேல்பாகத்தில், உள்ளே கெடாமல் இருந்த இடத்தில் அறுத்து அனுப்பியிருக்கிறேன். என்ன இறுகல் அக்கா அந்த மரம்! இந்தச் சின்னத் துண்டுக்கு ரம்பத்தை இரண்டு தடவை தீட்டினேன். தண்ணீரில் போட்டேன், மூழ்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறது.

இங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று ஆறு அலமாரிக்குக் கீலைத் தலைகீழாக முடுக்கிவிட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தம்பி

மகள் உன் உயரம் வந்துவிட்டாள். உன் வாயும் வந்துவிட்டது.


மார்ச் 13

தம்பி,

துண்டு வந்தது, நல்ல துண்டு. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குமுன் ஒன்று கேட்கிறேன். கோபப்படாமல் யோசித்து எழுது. கதவுக்காரர் வீட்டுக் கதவு இருக்கிறதே, அதற்கும் அடியில் பட்டி வைத்தாயா? வைத்தாய் என்றால், எந்த மரத்தில்?

உடனே எழுது. தபால் பெட்டியில் போடாதே, தபால் நிலையத்திலேயே கொண்டுபோய்க் கொடு.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று கேட்கிறாய். என்ன மரம் என்ற கேள்விக்கு இதுதான் பதிலா? இன்று நூலகத்துக்குப் போனேன். இரும்பு மேசைக்காரன் வந்து நீள அகலம் எடுத்துக்கொண்டிருக்கிறான். கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார். நீ என்னடா என்றால் போன கதையைக் கிளறுகிறாய்.

வைத்தேன். எல்லாக் கதவுக்கும் வைக்கிறவன் அதற்கு மட்டும் வைக்காமல் இருப்பேனா? அவர் வீட்டு வாசலைத் தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், அதனால் தண்ணீர் தாங்குகிற மரமாகப் பார்த்து வைத்தேன். ஜன்னல் சட்டம் செய்ததில் மிச்சம் கிடந்தது. மருது.

எழுதிவிட்டு அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, நீ எங்கே எடுத்தாய்?


மார்ச் 19

மூன்று நாளாயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. என்னவென்று பெண்டாட்டி கேட்கிறாள், அக்கா கடிதம் வரட்டும் என்கிறேன்.

எங்கே எடுத்தாய்?


மார்ச் 21

தம்பி,

கீழ் விளிம்பில்.

உன் பதில் வருவதற்குள்ளேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. அலமாரியிலிருந்து பழைய நகலை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வரியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'மாதிரி எடுத்த இடம், கதவின் கீழ் விளிம்பு.' நீ முதல் வரியைத் தாண்டாமல் கிழித்தாய். நான் எழுதிவிட்டு யோசிக்கவே இல்லை. கதவைக் கழற்றி முக்காலி மேல் சாய்த்து வைத்திருந்தார். முகப்பில் உளி பட்டால் கதவு கெட்டுவிடும், அடியில் எடுத்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். உன் வேலை கெடக் கூடாது என்றுதான் அங்கே எடுத்தேன். இதை எழுதவே எனக்கு எரிகிறது.

உன் கடிதம் வந்த அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே போனேன். கதவுக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னம்மா, திரும்பவும்?"

"தப்பு என்னோடதா இருக்கலாம். இன்னொரு தடவை பாக்கணும்."

அவர் நகர்ந்து வழி விட்டார். பூட்டைக் கழற்றச் சொல்லி, பூட்டு உட்காருகிற குழிக்குள்ளே, பலகையின் நடுவிலிருந்து ஒரு சிராய் எடுத்தேன். லென்ஸை எடுப்பதற்கு முன்பே மணம் சொல்லிவிட்டது. தேக்கு. முழுக் கதவும் தேக்கு. அவரிடம் சொன்னேன். கதவைத் தடவிப் பார்த்தார். "நாலு மழை பாத்துடுச்சும்மா, ஒரு நூல்கூட இறங்கல. எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா காகிதம் வந்துடுச்சே, நான் என்ன பண்ண?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சான்றிதழ் தவறு என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பழையது யார் யாருக்குப் போயிற்றோ, அத்தனை பேருக்கும் இதுவும் போகும். ஒப்பந்தக்காரர்களுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருவர் வாங்கிப் படித்துவிட்டு, "இப்ப வந்து சொல்றீங்களே" என்றார். விளிம்பில் மாதிரி எடுத்த என் பழைய வேலைகளை எல்லாம் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நான் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. போடச் சொன்னாலும் இப்போது கை வராது.

மன்னித்துவிடு. நாலு வருடத்தைக் கொண்டுபோய்விட்டு ஒரு வார்த்தை எழுதுகிறேன், தெரிகிறது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

உன் மேசைக்கால் கோங்கு. ஈட்டியும் இல்லை, மகோகனியும் இல்லை, கப்பலிலும் வந்திருக்க வேண்டியதில்லை. கறுப்பாகத் தெரிவது பழைய பாலிஷும் வயதும். குறுக்கு முகத்தை ஒரு புது பிளேடால் சீவி, லென்ஸ் வைத்துப் பார். துளைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் ஒன்றையொன்று ஒட்டி, நூல் பிடித்தாற்போல நீளக் கோடாக ஓடும். பிசின் ஓடுகிற குழாய்கள் அவை. ஈட்டியிலும் மகோகனியிலும் அப்படி வராது. மரக்கடையில் யார் என்ன சத்தியம் செய்தாலும், அந்தக் கோட்டைப் பார்க்காமல் பலகை வாங்காதே. என் லென்ஸையே இதோடு அனுப்பியிருக்கிறேன். நான் சொன்னேன் என்று எழுதாதே. நீயே பார்த்துவிட்டு எழுது.

அக்கா


மார்ச் 24

அக்கா,

உன் கடிதத்தைப் பாதி வரை படித்துவிட்டு வெளியே போய் வாளியை உதைத்தேன். கால் விரல் வீங்கிவிட்டது. இவள் மீதியைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள், தரையில் உட்கார்ந்து அழுதாள். பட்டறையை மூடிய அன்றைக்குக்கூட அவள் அழவில்லை.

எங்கே எடுத்தாய் என்று நான் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பட்டி ஏதாவது வைப்பாயா என்று நீ ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இரண்டு பேருக்கும் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. கேட்கத்தான் தெரியவில்லை.

லென்ஸ் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. பார்த்ததை எழுதுவது உன் வேலை, எழுதினாய். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன், விட முயற்சி செய்கிறேன். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, என்னைப் பற்றிக் கேட்கிறேன். உன் தம்பி ஏமாற்றுக்காரன் என்று நீ நம்பினாயா?


மார்ச் 26

தம்பி,

நம்பினேன்.

இல்லை என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அப்படியும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

முதல் ஒரு மாதம் நம்ப முடியாமல்தான் கிடந்தேன். அப்புறம் உனக்காக நானே காரணம் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். புதிதாகப் பட்டறை போட்டிருக்கிறான், நெருக்கடியாக இருந்திருக்கும், ஒரே ஒரு தடவை சறுக்கியிருப்பான் என்று. உன்னை மன்னித்துவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன். என்ன திமிர் பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பிறகு தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டாய். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது என்னைக் கேட்டாள், "அவன் அப்படிச் செஞ்சிருப்பானாடி?" என்று. "செஞ்சுட்டான்மா" என்றேன். "செய்ய மாட்டான். நீ சரியாப் பாத்திருக்க மாட்ட, போய்த் திரும்பப் பாரு" என்றாள். அம்மாவுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நான் போகவில்லை.

அம்மா உன்னை நம்பித்தான் போனாள். நான்தான் நம்பவில்லை.

அக்கா


மார்ச் 29

அக்கா,

அம்மா சொன்னதை எழுதியிருந்தாயே, அதை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை எழுத்து தெரியவில்லை.

கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். காலையில் தணிகிறது, பல் தேய்ப்பதற்குள் திரும்பி வந்துவிடுகிறது. நீ இப்போதைக்கு இங்கே வராதே. நான் சொல்கிறேன், அப்போது வா. மகள் இதைப் படித்துவிட்டு, "அத்தைய நான் கூப்பிடுவேன், நீ யாரு தடுக்க" என்கிறாள். உங்கள் இரண்டு பேரையும் நான் எங்கே சமாளிக்க.

லென்ஸை எடுத்துக்கொண்டு நாலு மரக்கடை ஏறி இறங்கினேன். மூன்று கடையில் கோங்கு என்று காட்டியது எதிலும் கோடு இல்லை. நாலாவது கடையில், பின்பக்கம் அடுக்கில் அடியிலிருந்து இரண்டாவது பலகை. பிளேடால் சீவினேன், வெள்ளைக் கோடு நூல் பிடித்தாற்போல ஓடிற்று. நீ சொன்னபடியே. கடைக்காரர் முன்னால் கத்திவிட்டேன், அவர் பல்லி விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

நேற்று நூலகத்துக்குப் போனேன். படிவத்தில் கோங்கு என்று எழுதிக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"எல்லாரும் ஒவ்வொண்ணு சொன்னாங்கன்னீங்க. இது யாரு சொன்னது?"

"எங்க அக்கா."

நாலு வருடத்துக்கு அப்புறம் அந்த வார்த்தையை வெளியாளிடம் சொல்கிறேன்.

"அவங்க சொன்னா சரியா இருக்குமா? நாளைக்கு யாராவது வந்து வேற மரம்னு சொன்னா எனக்குத்தான் தலவலி."

நான் பார்த்துத்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். நீயும் அப்படித்தான் சொல்லச் சொன்னாய். எனக்கு அது வரவில்லை.

"ஒரு தடவ தப்பா சொல்லியிருக்காங்க சார், அதுல என் தொழிலே போச்சு. யாரும் கேக்காமலே அவங்களே திரும்பப் போயி, தப்பு என்னோடதுன்னு ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தாங்க. அவங்க சொன்னா சரியா இருக்கும்."

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். நாளை காலை பலகையை அறுக்கிறேன்.

தம்பி